விதைக்கும் நாளில் கொடுக்கும் பணம்: பண்ணைப் பங்கு பற்றி வாசகர் கேள்விகள்

பல குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டி ஓர் இயற்கை விவசாயப் பண்ணையில் பங்கு சேர்ந்து, விளைவதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை சேலம் மாவட்டத்திலும் பேசப்படத் தொடங்கியிருக்கிறது. அது குறித்து வந்த கடிதங்களில் மூன்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நானும் சேலத்தில் இப்படிப்பட்ட ஒரு குழுவில் சில ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பவன் என்பதால், பட்டு அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். மாமியார், கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். வாழப்பாடிக்கு அருகில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பயிர் செய்யும் ஒருவர், வரும் ஆடிப்பட்டத்துக்கு நாற்பது குடும்பங்களைப் பங்கு சேர்க்கிறார். இருபது வாரத்துக்கான தொகையில் பாதியை விதைப்புக்கு முன்பே கட்ட வேண்டும், விளைந்ததை வாரம் ஒரு கூடையாகத் தருவேன் என்கிறார். காயைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுப்பதா என்று என் கணவர் தயங்குகிறார். சூரமங்கலத்திலும் அம்மாபேட்டையிலும் உழவர் சந்தை இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கிறார். சேரலாமா?
(ஒரு வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: சேரலாம், சகோதரி. ஆனால் எதில் சேர்கிறோம் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசித் தெளிந்த பிறகு சேருங்கள். அவருடைய கேள்வி நியாயமானது. காய்கறி வாங்குவதற்குத்தான் அந்தப் பணம் என்றால், கொடுக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். பங்கு சேர்கிறவர் வாங்குவது ஒரு பருவத்தின் ஒரு பகுதியை. பருவம் நன்றாக அமைந்தால் கூடை நிறையும், மழையோ வெயிலோ கெடுத்தால் கூடை குறையும். இரண்டுக்கும் சம்மதம் என்று விதைப்பதற்கு முன்பே விவசாயியிடம் சொல்வதன் அடையாளமாகத்தான் அந்தப் பணம் கைமாறுகிறது.

அது ஏன் அறுவடையின்போது வராமல் விதைப்பின்போது வர வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஆனி மாதக் கடைசியில் ஒரு சிறு விவசாயியின் கையில் பணம் இருப்பது அரிது. உழவு ஓட்ட டிராக்டருக்கு வாடகை தர வேண்டும், விதை வாங்க வேண்டும், சொந்தத் தொழுவுரம் போதாவிட்டால் வெளியிலிருந்து இறக்க வேண்டும், முளைத்த இரண்டு மூன்று வாரங்களில் களையெடுப்புக்கு ஆள் விட வேண்டும். இயற்கை விவசாயத்தில் களைக்கொல்லி கிடையாது என்பதால், களையெடுக்கும் கூலியே செலவில் பெரும்பங்காகிவிடும். வேறு வழியில்லாதவர் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்குகிறார். வாங்கியவர் விளைந்ததை அந்த மண்டிக்கே கொண்டுபோக வேண்டும், அன்று அங்கே சொல்லப்படும் விலைக்கே விட வேண்டும், அந்த விலையிலும் கமிஷன், கழிவு, இறக்குக்கூலி என்ற பிடித்தங்கள் போக மீதியைத்தான் கையில் பெற வேண்டும். தக்காளி மிதமிஞ்சி விளைந்த ஆண்டுகளில் பறிகூலிகூடக் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது விற்பதற்குப் பழம் இல்லாமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனி மாதத்தில் நாற்பது குடும்பங்களின் பணம் அந்த மண்டி முன்பணத்தின் இடத்தில் வந்து நிற்குமானால், எதைப் பயிரிடுவது, எப்போது பறிப்பது, என்ன மதிப்பு வைப்பது என்பவற்றை விவசாயியும் உண்பவர்களும் கூடி முடிவுசெய்யலாம்.

இது யாரோ புதிதாகப் புனைந்த வியாபார உத்தி அன்று. ஜப்பானில் 1970களில், நஞ்சு கலவாத உணவைத் தேடிய நகரத்துக் குடும்பங்கள் விவசாயிகளுடன் நேரடியாகச் செய்துகொண்ட இத்தகைய உடன்பாடு ‘தெய்கேய்’ என்ற பெயரில் பரவியது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இம்முறையைத் தொடங்கின. பணம் முன்னால், விளைச்சல் பின்னால், நட்டம் வந்தால் பொதுவில் என்ற அடிப்படை எல்லா இடங்களிலும் ஒன்றுதான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது வாரத்துக்கு ஒரு பங்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது குடும்பங்களுக்கு 3,60,000 ரூபாய் ஆகிறது. ஒரு குடும்பத்துக்கு வாரம் 450 ரூபாய். கூடையில் ஆறு கிலோ வந்தால் கிலோ 75 ரூபாய் விழும். மழையால் விளைச்சல் கால்வாசி குறைந்து கூடை நாலரைக் கிலோவானால், அதே காய் கிலோ 100 ரூபாய் ஆகிவிடும். மண்டிக்குப் போகும் விவசாயி இந்தக் கால்வாசி இழப்பைத் தனியாகச் சுமக்கிறார்; பங்கு முறையில் அதை நாற்பது வீடுகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமக்கின்றன. உங்கள் வீட்டுக்கு இது தாங்குமா என்பதுதான் உங்கள் கணவர் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. தாங்காது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்தப் பருவத்தில் இன்னொரு குடும்பத்துடன் அரைப் பங்காகச் சேர்ந்து பாருங்கள். அந்த 3,60,000 ரூபாய் எதெதற்குச் செலவாகிறது என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல பண்ணைக்காரர் உழவு, விதை, கூலி, வண்டி என்று கணக்கைக் காட்டுவார். தம் குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு கூலியை அதில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைக்காதவர் இரண்டு பருவத்தில் களைத்துப்போவார், நீங்களும் பண்ணையை இழப்பீர்கள்.

இனி, புதிதாகச் சேருகிறவர்கள் மனம் தளரும் இடத்துக்கு வருகிறேன். ஆனியில் பணம் கட்டிவிட்டு ஆடியில் கூடையை எதிர்பார்க்கக் கூடாது. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து மூன்று வாரத்துக்கு மேலாகும். வெண்டையும் முள்ளங்கியும் ஒன்றரை மாதம் கேட்கும். கத்தரியை முதலில் நாற்றங்காலில் ஒரு மாதம் வளர்த்து, நட்ட பிறகு மேலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பூசணிக்கு மூன்று மாதமாகும். நம் பக்கத்துக் குச்சிக்கிழங்குக்கும் மஞ்சளுக்கும் ஒன்பது மாதம் வேண்டும். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரையோ, எவ்வளவு செழித்துப் படர்ந்தாலும் பகல் பொழுது சுருங்கும் மாதங்கள் வரும்வரை பூவெடுக்காது. மார்கழியிலும் தையிலும்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆகவே ஆவணிக் கடைசியில் வரும் முதல் கூடைகளில் கீரைதான் மிகுந்திருக்கும், பிறகு வெண்டையும் கொத்தவரையும் வரும், ஐப்பசி மழையில் ஒரு தொய்வு ஏற்படும், அதைத் தாண்டி மார்கழி, தையில் அவரை, மொச்சை, கத்தரி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி என்று கூடை ததும்பும். அந்தப் பருவம் முடிந்து பங்குனி, சித்திரையில் கிணற்று நீர் இறங்கும்போது கீரை மறைந்து முருங்கையும் மாங்காயும் வெள்ளரியும் பூசணியுமாக மாறிவிடும். இந்த வரிசையை வீட்டில் எல்லோரிடமும், குறிப்பாகப் பிள்ளைகளிடம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சேர்ந்த முதல் ஆண்டில், கார்த்திகையில் அடுத்தடுத்து மூன்று வாரம் சுரைக்காயும் வாழைத்தண்டும் பொன்னாங்கண்ணியும் தவிர வேறு எதுவும் வரவில்லை. எங்கள் குழுவில் ஐந்து குடும்பங்கள் அப்போதே விலகிவிட்டன. பொறுத்திருந்தவர்கள் தையில் மொச்சை தின்றோம். விலகியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இப்படித்தான் வரும் என்று அவர்களிடம் யாரும் ஆனியில் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

உங்கள் மாமியார் வீட்டில் இருப்பது இந்த ஏற்பாட்டில் பெரிய பலம். ஒரே வாரத்தில் நான்கு கிலோ கத்தரி வந்து இறங்கும்போது வற்றல் போடத் தெரிந்தவர் வீட்டில் அது வீணாகாது. கொத்தவரை வற்றல், மோர் மிளகாய், மாவடு என்று பருவத்தின் மிகுதியைப் பஞ்ச மாதத்துக்கு எடுத்துவைக்கும் அறிவு நம் சமையலறைகளில் இருந்தது. ஆண்டு முழுவதும் கடையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. பண்ணைப் பங்கு அதை மறுபடியும் கேட்டு வாங்குகிறது. மேலும், கூடை இறங்கும் இடத்தில் ஒரு மாற்றுக் கூடை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் தொடாத பாகற்காயை அதில் போட்டுவிட்டு வேறொருவர் விட்டுச்சென்ற வெண்டையை எடுத்துக்கொள்ளலாம்.

உழவர் சந்தைக்கு வருவோம். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் இடைத்தரகர் இல்லாமல் விவசாயி தாமே விற்க வழிசெய்த நல்ல திட்டம், அதை விட்டுவிட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஒருவர் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேருக்கு வாரம் 14 கிலோ ஆகிறது. ஆறு கிலோ கூடை அதில் பாதிகூட இல்லை. வெங்காயமும் உருளையும் மீதித் தேவையும் எப்படியும் சந்தையிலிருந்துதான் வரும். சந்தையில் நீங்கள் விளைந்து முடிந்த காய்க்குப் பணம் தருகிறீர்கள், அதுவரை பட்ட பாடு விவசாயியோடு போயிற்று. பண்ணையில் விளையப்போவதற்குத் தருகிறீர்கள். இரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்தே நடக்கலாம்.

சேரும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கூடை குறையும் வாரத்தில் வெளியிலிருந்து வாங்கி நிரப்புவீர்களா என்று கேளுங்கள். நான் முதலில் பணம் கட்டிய பண்ணை சமவெளியில், பனமரத்துப்பட்டிப் பக்கம் இருந்தது. ஒரு சித்திரை மாதம், ஊரெல்லாம் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, எங்கள் கூடையில் கேரட்டும் முட்டைக்கோசும் வந்தன. சமவெளியில் அந்த வெயிலில் அவை அப்படித் திரண்டு விளையாது என்பது தோட்டம் போட்டுப் பழகிய என் தாயாருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கேட்டபோது, உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று மண்டியில் வாங்கிப் போட்டதாக ஒப்புக்கொண்டார். கெட்ட மனிதர் அல்லர். குறைந்த கூடையைக் கொடுக்க அஞ்சியவர். ஆனால் அந்த ஒரு கூடைக்குப் பிறகு எங்களால் எந்தக் கூடையையும் நம்ப முடியவில்லை, பருவம் முடிந்ததும் குழு கலைந்தது. வெறும் இரண்டு கிலோ வந்த வாரத்தில் ‘இவ்வளவுதான் விளைந்தது’ என்று சொல்லித் தருகிற பண்ணையைத் தேடுங்கள். வெளியில் வாங்கித் தந்தால் அதைத் தனிப் பையில், எங்கே வாங்கியது என்று சொல்லித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து என்றதும் பத்திரப்பதிவு அளவுக்குப் போக வேண்டியதில்லை. தொகை எவ்வளவு, எத்தனை தவணை, எத்தனை வாரம், நடுவில் ஊர் மாறினால் உங்கள் பங்கை வேறு குடும்பத்துக்கு மாற்றலாமா, பயிர் முழுவதும் அழிந்தால் என்ன செய்வது என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும். கட்டிய பணத்துக்கு ரசீது வேண்டும். நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2012இல் கொங்கு மாவட்டங்களில் ஈமுக் கோழிப் பண்ணைகளின் பெயரால் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பதை நாம் மறக்கவில்லை. உங்கள் கணவரின் தயக்கத்துக்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கலாம். பண்ணைப் பங்குக்கு ஈடாகக் கிடைப்பது காய்கறிதான், அதுவும் அந்தந்தப் பருவத்துக்குள் முடிந்துவிடும். மாத வருமானம், வட்டி, போட்ட பணம் இரட்டிப்பு, நிலத்தில் உரிமை என்ற சொற்களில் ஒன்று பேச்சில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தோட்டம் உள்ளது. காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகும், இடையில் ஆரஞ்சு, பலா, பட்டர் ஃபுரூட் மரங்களும் இருக்கின்றன. ஓரத்தில் அரை ஏக்கரில் சௌசௌவும் பீன்ஸும் போடுகிறேன். நான்கு ஆண்டுகளாக ரசாயன உரம் போடவில்லை. சேலத்துக் குடும்பங்களைப் பங்கு சேர்த்துக் கூடை அனுப்பலாமா? வாரந்தோறும் கேட்டால் என்னால் ஈடுகொடுக்க முடியுமா?
(ஒரு வாசகர், ஏற்காடு வட்டம்)

பதில்: வாரக் கூடை உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது, ஐயா, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாள்தொட்டு, மலைத்தோட்டம் என்பது ஆண்டுக்கு ஒருமுறை பணம் பார்க்கும் தோட்டமாகவே இருந்து வருகிறது. மார்கழி, தையில் பழம் பறித்து விற்றுவிட்டு, கவாத்து, களை, எரு, நிழல் ஒழுங்கு என்று மீதி ஆண்டு முழுவதும் செலவு செய்கிறீர்கள். சமவெளி விவசாயிக்கு ஆனியில் ஏற்படும் அதே பற்றாக்குறை உங்களுக்கு இன்னும் நீண்ட காலத்துக்கு இருக்கிறது. எனவே பங்கு முறையின் பயன் உங்களுக்கும் உண்டு. கூடையின் வடிவம்தான் மாற வேண்டும்.

ஆண்டுப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பலா, ஆடி முதல் புரட்டாசி வரை பட்டர் ஃபுரூட், குளிர்காலத்தில் ஆரஞ்சு, தையைத் தாண்டிக் காப்பி, மாசி, பங்குனியில் மிளகு என்று ஆண்டுக்கு ஏழெட்டு முறை கொடுப்பது உங்களால் முடியும். சௌசௌவும் பீன்ஸும் கிடைக்கிறபோது அவற்றோடு போகலாம். மிளகும் காப்பியும் உலர்பொருள்கள் என்பதால் ஒரு வாரம் தாமதித்தாலும் கெடுவதில்லை, ஆறு மாதத்துக்குப் பிரித்தும் தரலாம். இது காய்கறிப் பண்ணைக்காரருக்கு இல்லாத பெரிய வசதி. அதற்கு மாறாக, பட்டர் ஃபுரூட் மரத்தில் பழுப்பதில்லை. முற்றியதைப் பறித்தால் வீட்டில் வைத்து நான்கைந்து நாளில் பழுக்கும், முற்றாததைப் பறித்தால் சுருங்கிக் கசக்கும். சேலத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. பழம் கல்லாக இருக்கிறது என்று புகார் வரும். முதல் தவணையோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னும் நல்ல வழி, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கம் காய்கறி விளைவிக்கும் ஒரு பண்ணையோடு கைகோத்துக்கொள்வது. வாரக் கூடையை அவர்கள் நடத்தட்டும். அந்தக் குடும்பங்களிலேயே விருப்பமுள்ளவர்களுக்கு மலைப் பங்கு என்று தனித் தொகை வைத்து, அவர்களுடைய கூடை இறங்கும் இடத்திலேயே உங்கள் பொருளையும் இறக்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, சேலத்துக்குள் வீடு வீடாகச் சுற்றினால் வண்டி வாடகையே உங்கள் வருமானத்தைத் தின்றுவிடும். ஓர் உறுப்பினர் வீட்டு முன்கூடத்தில் மொத்தமாக இறக்கி, அவரவர் மஞ்சப்பையோடு வந்து எடுத்துச் செல்லும்படி வைத்தால் செலவும் குறையும், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவும் செய்வார்கள். அந்த உறுப்பினருக்குத் தொகையில் ஏதேனும் கழித்துக் கொடுங்கள், அவருடைய வேலையும் வேலைதான்.

எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதில் ஆசைப்படாதீர்கள். கடந்த மூன்று ஆண்டு விளைச்சலில் மிகக் குறைந்த ஆண்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் போதுமான எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். நல்ல ஆண்டில் மிஞ்சுவதை வழக்கம்போல் வெளியில் விற்கலாம். பன்னிரண்டு குடும்பங்கள் திருப்தியாக இருந்தால் அடுத்த ஆண்டு அவர்களே இன்னும் பத்துப் பேரை அழைத்து வருவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மழை மாதங்களில் காப்பி இலைத்துரு நோய்க்கும் மிளகு வாடல் நோய்க்கும் நீங்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிக்கிறவராக இருக்கலாம். இயற்கை விவசாயத் தரவிதிகள் அதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. ஆனால் எதுவுமே தெளிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்க்க வரும் உறுப்பினர், நீலநிறம் படிந்த மிளகு இலையைக் கண்டால் திகைத்துப்போவார். எப்போது, எதற்காக, எவ்வளவு தெளித்தேன் என்று நீங்களே முதலில் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். பழம் பறிக்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மலைக்கு அழையுங்கள். பழுத்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்து, தோல் உரித்து, கழுவி, களத்தில் நாள்கணக்கில் துழாவி உலர்த்துவதை ஒருமுறை பார்த்துவிட்டவர், பிறகு உங்கள் காப்பித்தூளின் விலையைக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பேச மாட்டார். பறிக்க வரும், இம்மலையின் பழங்குடியினரான மலையாளி இனப் பெண்களுக்குத் தரும் கூலி அந்த விலையில் எவ்வளவு என்பதையும் அன்றே காட்டிவிடுங்கள்.

கேள்வி: இயற்கை விவசாயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சேர நினைக்கும் பண்ணைக்குச் சான்றிதழ் இல்லை. எப்படி நம்புவது?
(ஒரு வாசகர், ஓமலூர்)

பதில்: சான்றிதழ் இல்லாததாலேயே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தின்கீழ் வெளியார் வந்து ஆய்வு செய்து தருவது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 முதல் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை இதைச் செய்து வருகிறது. ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, காப்பி போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு மாறுதல் காலம் கடக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தாலும் விவசாயிக்குச் சான்றின் பயன் கிடைப்பதில்லை. மற்றொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே பகுதியைச் சேர்ந்த குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்து உறுதி தருவது. பங்குப் பண்ணைக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனென்றால் அந்த ஆய்வுக்கு உறுப்பினர்களும் உடன் செல்ல இடமுண்டு. இவை இரண்டும் இல்லாவிட்டாலும், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு விவசாயி உண்பவருக்கு நேரடியாக விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கவில்லை. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை அவர் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

சான்று இல்லாத இடத்தில் உங்கள் கண்ணும் காலும்தான் சான்று. சொத்தைக் காயைப் பார்த்து ‘இது இயற்கை விளைச்சல்’ என்று நம்பிவிடாதீர்கள், மருந்தடித்த தோட்டத்திலும் பூச்சி இருக்கும். பண்ணைக்கு நேரில் போய் எருக்குழி எங்கே என்று கேளுங்கள். ஓர் ஏக்கருக்கு ஒருமுறை விட 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்ற ஊட்டக் கரைசல் வேண்டும்; அதற்குப் பத்துக் கிலோ சாணமும், ஐந்து முதல் பத்து லிட்டர் வரை கோமியமும், வெல்லமும், பயறு மாவும் வேண்டும். மாடும் இல்லாமல், சாணம் எங்கிருந்து வருகிறது என்ற பதிலும் இல்லாமல் ஒருவர் ஐந்து ஏக்கரில் ஜீவாமிர்தம் விடுவதாகச் சொன்னால் மேலும் இரண்டு கேள்வி கேட்பதில் தவறில்லை. மருந்துக் கொட்டகையைப் பாருங்கள், காலிப் புட்டிகள் தாமாகப் பேசும். பக்கத்து வயலில் என்ன தெளிக்கிறார்கள், காற்றில் வரும் சாரலைத் தடுக்க வரப்போரம் சோளமோ அகத்தியோ உயரமாக நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, எந்தப் பாத்தியில் எந்த நாளில் என்ன விதைத்தார், என்ன விட்டார், எவ்வளவு பறித்தார் என்று எழுதிய நோட்டைக் கேளுங்கள். மாட்டுச் சாணம் பட்டு மூலை மடங்கிய நோட்டு ஒன்று இருந்தால், என் அனுபவத்தில், அந்தப் பண்ணையில் சேரலாம். ஆனி முதல் வாரத்திலேயே போய்வாருங்கள். ஆடி பிறந்துவிட்டால் விதைப்பு தொடங்கியிருக்கும், பங்குகளும் முடிந்திருக்கும்.